ஆர்க்டிக் கடலோர எண்ணெய்: எல்லோர் நலனையும் சமன்செய்ய முடியுமா?

கேள்வி இதுதான்: "ஆர்க்டிக் கடலோரத்திலும் கடலுக்குள்ளும் எண்ணெய் எடுப்பதில் நிறுவனம், அரசு, பழங்குடிகள், இயற்கை ஆர்வலர்கள் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு வழி உண்டா? எங்காவது செய்து காட்டியிருக்கிறார்களா?"

செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் எல்லா இடத்திலும் இல்லை, செய்த இடத்திலும் அது நிலையாக இல்லை. ரஷ்யா, நார்வே, கனடா, கிரீன்லாந்து எல்லாவற்றையும் ஒரே பதிலில் அடைத்தால் எதையுமே சொன்னதாகாது. அதனால் அலாஸ்காவின் வடகோடியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புரூக்ஸ் மலைத்தொடருக்கு வடக்கே, போஃபோர்ட், சுக்சி என்ற இரண்டு கடல்களை ஒட்டிய நிலம் அது. அங்கே இந்த இழுபறிக்கு ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய வரலாறு இருக்கிறது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை விட்டுவிட வேண்டும். எண்ணெய் நிறுவனம் ஒரு கரையில், பழங்குடி மக்கள் எதிர்க்கரையில் என்றுதான் நாம் படம் வரைந்துகொள்கிறோம். வடகோடியில் அந்தப் படம் பொருந்தாது. அங்கே திமிங்கல வேட்டைப் படகுக்குத் தலைவராக இருப்பவர், எண்ணெயால் வருமானம் பெறும் கம்பெனியில் பங்குதாரராகவும் இருப்பார். அவர் பிள்ளை படிக்கும் பள்ளி எண்ணெய்க் குழாய்மீது போட்ட வரியில் கட்டியது. முரண்படும் நலன்கள் பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள், சில சமயம் ஒரே மனிதருக்குள் இருக்கின்றன.

இது எப்படி வந்தது? 1968-இல் புரூடோ விரிகுடாவில் வட அமெரிக்காவின் மிகப் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. தெற்கே பனி உறையாத வால்டீஸ் துறைமுகம் வரை 800 மைல் குழாய் போட்டால்தான் அந்த எண்ணெய்க்கு விலை. குழாய் போகும் நிலம் யாருடையது என்பதே அப்போது தீராத வழக்கு. அதைத் தீர்க்கத்தான் 1971-இல் அலாஸ்கா பூர்வகுடிகள் உரிமைத் தீர்வுச் சட்டம் வந்தது. 4.4 கோடி ஏக்கர் நிலம், 96.25 கோடி டாலர் பணம். அதற்கு ஈடாக மற்ற நிலங்கள்மீதான கோரிக்கை ரத்து. நிலம் பழங்குடி அவைகளின் கைக்குப் போகவில்லை, புதிதாக உருவாக்கிய கம்பெனிகளின் கைக்குப் போனது. கிராமக் கம்பெனிக்கு மேல்மண், வட்டாரக் கம்பெனிக்கு அடிநிலம். வடகோடியின் இன்யுப்பியாட் மக்களுக்குக் கிடைத்த வட்டாரக் கம்பெனி ஆர்க்டிக் ஸ்லோப் ரீஜினல் கார்ப்பரேஷன். அடிநிலத்தில் எண்ணெய் இருந்தால் உரிமைத்தொகை வரும். வளத்தில் வரும் அந்த வருமானத்தில் 70 சதவீதத்தை மாநிலத்தின் மற்ற வட்டாரக் கம்பெனிகளோடு பகிர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

மறு ஆண்டே, 1972-இல், ஈபன் ஹாப்சன் தலைமையில் வடகோடி மக்கள் நார்த் ஸ்லோப் பரோ என்ற உள்ளாட்சியை அமைத்தார்கள். எண்ணெய் நிறுவனங்கள் நீதிமன்றம் வரை போய் எதிர்த்தன. காரணம் எளிது: உள்ளாட்சி வந்தால் சொத்துவரி வரும். ஹாப்சன் கணக்கும் அதுதான். ஏறக்குறைய 2,45,000 சதுர கி.மீ. பரப்பு, எட்டு ஊர்கள், இன்றைக்கும் சுமார் பதினோராயிரம் பேர். அந்த ஊர்களுக்குக் குடிநீர், கழிவுநீர்க் குழாய், மருத்துவ வசதி, தீயணைப்பு எல்லாம் அந்த வரியில் வந்தன. அதற்கு முன்னால் உயர்நிலைப் படிப்புக்கு அந்தப் பிள்ளைகள் தெற்கே சிட்காவுக்கோ, அலாஸ்காவையே தாண்டி ஆரிகனுக்கோ போய் விடுதியில் தங்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் "எண்ணெயே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே" என்று வெளியிலிருந்து சொல்பவர்களை அங்குள்ளவர்கள் பொருட்படுத்துவதில்லை. அதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இனிக் கடலுக்கு வருவோம். சிக்கல் முற்றுவது அங்கேதான்.

அமெரிக்கச் சட்டப்படி கரையிலிருந்து 3 கடல்மைல் வரை மாநிலத்துக்கு. அதைத் தாண்டினால் மத்திய அரசுக்கு. நிலத்தில் எண்ணெய் எடுத்தால் மாநிலத்துக்கு உரிமைத்தொகை, பரோவுக்குச் சொத்துவரி, இடத்தைப் பொறுத்து வட்டாரக் கம்பெனிக்கும் பங்கு. கடலில் 3 மைல் தாண்டினால் பரோவின் வரி எல்லை முடிந்துபோகிறது. அடுத்த 3 மைல் பட்டையின் வருமானத்தில் மட்டும் மாநிலத்துக்கு 27 சதவீதம் உண்டு. மெக்சிகோ வளைகுடாவின் நான்கு மாநிலங்களுக்கு 2006-இல் 37.5 சதவீதப் பங்கு கொடுத்த சட்டம் அலாஸ்காவைச் சேர்க்கவில்லை. ஆக, கரையிலிருந்து விலக விலக உள்ளூருக்கு வரும் பணம் குறைகிறது, ஆபத்து மட்டும் குறையவே இல்லை. வடகோடி மக்கள் நிலத்து எண்ணெயை ஏற்றுக்கொண்டு கடல் எண்ணெயை எதிர்த்தது முரண்பாடு போலத் தெரியும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் முரண்பாடு ஒன்றும் இல்லை.

கடலில் அவர்களுக்கு எது ஆபத்து? முதலில் போஹெட் திமிங்கலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1977-இல் சர்வதேச திமிங்கல ஆணையம் போஹெட் வேட்டையை அடியோடு தடை செய்தது. மிஞ்சியிருப்பது அதிகம் போனால் இரண்டாயிரம் என்பது அன்றைய விஞ்ஞானிகளின் மதிப்பீடு. பனிவிளிம்பில் உட்கார்ந்து, திறந்த நீரில் கண்ணுக்குத் தெரிந்ததை எண்ணிப் போட்ட கணக்கு அது. வேட்டைக்காரர்கள் சிரித்தார்கள். திமிங்கலம் பனிக்கு அடியிலும் நீந்திப் போகும், தலையால் பனியை முட்டி உடைத்து மூச்சுவிடும், கரைக்கு வெகு தொலைவிலும் போகும், நீங்கள் எண்ணியது ஓரத்தில் போனதை மட்டும் என்றார்கள். அந்த ஆண்டே அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கல வேட்டை ஆணையத்தை அமைத்தார்கள். பரோ தன் வரிப்பணத்தில் சொந்த வனவிலங்குத் துறையை வளர்த்து விஞ்ஞானிகளை வேலைக்கு வைத்தது. ஹாரி பிரவர் என்ற மூத்த படகுத்தலைவர் சொன்னதை அந்த விஞ்ஞானிகள் செவிமடுத்து, தண்ணீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கி, பனிக்கடியில் போகும் திமிங்கலங்களின் குரலைப் பதிவு செய்து எண்ணினார்கள். வேட்டைக்காரர்கள் சொன்னதே சரி என்று ஆனது. 2011 கணக்கெடுப்பில் எண்ணிக்கை ஏறக்குறைய 17,000. எண்ணெய் வரி இல்லாமல் அந்த ஆய்வு நடந்திருக்காது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒலி விஷயத்திலும் இதே கதை நடந்தது. கடலடியில் எண்ணெய் தேட, காற்றுத் துப்பாக்கிகளால் சில விநாடிகளுக்கு ஒருமுறை வெடியோசை எழுப்பி எதிரொலியைப் படிப்பார்கள். அந்தச் சத்தத்துக்குத் திமிங்கலம் வெகுதூரம் விலகிப் போகிறது என்றார்கள் வேட்டைக்காரர்கள். சில கி.மீ. சுற்றளவுக்கு மேல் பாதிப்பில்லை என்றன நிறுவனங்களின் தொடக்ககால அறிக்கைகள். 1990களின் பிற்பகுதியில் நடந்த கண்காணிப்பில், இலையுதிர்கால வலசையில் போஹெட்டுகள் அப்படி வெடியோசை எழுப்பும் கப்பலைச் சுற்றி ஏறக்குறைய 20 கி.மீ. வரை ஒதுங்கிப் போவது தெரிந்தது. 20 கி.மீ. என்பது வேட்டைக்காரருக்குச் சின்ன விஷயமல்ல. நுயிக்சட் ஊர்க்காரர்கள் ஊரிலிருந்து நூறு கி.மீ.க்கு மேல் பயணம் செய்து கிராஸ் தீவில் முகாமிட்டு, சிறு மோட்டார் படகுகளில் வேட்டைக்குப் போகிறார்கள். திமிங்கலம் வெளியே தள்ளிப் போனால் படகும் கொந்தளிக்கும் கடலுக்குள் போக வேண்டும். அடித்த பிறகு, பல டன் உடலைக் கட்டி இழுத்துக் கரை சேர்க்க மணிக்கணக்கில் ஆகும். தாமதமானால் உடற்சூட்டிலேயே இறைச்சி கெட்டுவிடும். ஊருக்கே பங்கு வைக்க வேண்டிய உணவு அது.

இந்தச் சிக்கலுக்கு அவர்கள் கண்ட வழிதான் என் பதிலின் நடுநாயகம். 1972-இன் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி, திமிங்கலத்துக்குத் தொந்தரவு தரக்கூடிய எந்த வேலைக்கும் மத்திய அரசின் அனுமதி வேண்டும். 1980களில் வந்த திருத்தங்கள் ஒரு நிபந்தனையைச் சேர்த்தன: பூர்வகுடிகளின் உணவு வேட்டைக்குத் தணிக்க முடியாத பாதிப்பு வராது என்று தெரிந்தால்தான் அனுமதி. ஒரே ஒரு வாக்கியம். ஆனால் "பாதிப்பு வராது" என்று காட்ட வேட்டைக்காரர்களுடைய ஒப்புதலைவிடச் சுலபமான சான்று நிறுவனத்துக்குக் கிடையாது. அதனால் 1980களின் நடுவிலிருந்து எண்ணெய் நிறுவனங்களும் திமிங்கல வேட்டை ஆணையமும் ஒரே மேசையில் உட்காரத் தொடங்கின. ஆண்டுதோறும் மோதல் தவிர்ப்பு ஒப்பந்தம் என்று ஒன்று எழுதுகிறார்கள். எந்தக் கப்பல் எந்தத் தேதியில் எந்தப் பக்கம் போகக் கூடாது; ஊர்களில் வானொலித் தொடர்பு மையம் வைத்து வேட்டைப் படகுக்கும் வேலைக் கப்பலுக்கும் தகவல் பரிமாறுவது; கப்பலில் இன்யுப்பியாட் பார்வையாளரை ஏற்றுவது; வேட்டைப் படகு ஆபத்தில் சிக்கினால் நிறுவனக் கப்பல் உதவிக்கு ஓடுவது. காக்டோவிக், நுயிக்சட் ஊர்களின் வேட்டைக்காக ஆகஸ்ட் 25 முதல் வேலையை நிறுத்திவைப்பது அதில் புகழ்பெற்ற ஏற்பாடு. கோடையில் பனி விலகி வேலை செய்யக் கிடைப்பதே சில மாதங்கள்தான். அதில் பல வாரங்களை ஒரு பன்னாட்டு நிறுவனம் விட்டுக்கொடுத்தது பெருந்தன்மையால் அல்ல. கையெழுத்து அவர்களுக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவதும் இதுதான். நலன்களைத் தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்கும் அதிகாரி யாரும் அங்கே சமநிலையைக் கொண்டுவரவில்லை. மத்திய அரசின் கடலடி நிலச் சட்டம் 1978 முதல், எண்ணெய் கிடைக்கும் வாய்ப்பு, சுற்றுச்சூழல் சேதம், கடலோரப் பாதிப்பு மூன்றுக்கும் இடையே சரியான சமநிலை வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் சொற்கள் மட்டும் சமநிலையைக் கொண்டுவந்துவிடவில்லை. பலவீனமான தரப்பின் கையில், இவர்கள் சம்மதிக்காவிட்டால் வேலை நகராது என்கிற அளவுக்கு ஏதாவது ஒரு பிடி இருந்த இடத்தில் மட்டும் பேச்சு நடந்திருக்கிறது.

பிடி நழுவினால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கேயே சான்று உண்டு. 1970களின் பிற்பகுதியிலிருந்து அலாஸ்காவில் கடலோர மேலாண்மைத் திட்டம் ஒன்று இருந்தது. அதன்படி, மத்தியக் கடலில் கொடுக்கும் அனுமதியும் மாநிலத்தின் கடலோரத் திட்டத்தோடு பொருந்த வேண்டும். அந்தத் திட்டத்தை எழுதியதில் உள்ளூர் மாவட்டங்களுக்கும் பங்கு உண்டு. 3 மைலுக்கு வெளியே வாய் திறக்க உள்ளூருக்கு இருந்த வாசல் அது. 2003-க்குப் பிறகு மாநில அரசு மாவட்டங்களின் அதிகாரத்தைக் கத்தரித்தது. 2011-இல் திட்டத்தைப் புதுப்பிப்பதில் சட்டமன்றம் உடன்பாட்டுக்கு வராமல், திட்டமே காலாவதியானது. 2012-இல் பொதுவாக்கெடுப்பில் அதை மீட்கப் பார்த்தார்கள், பெரிய வித்தியாசத்தில் தோற்றது. கடற்கரை உள்ள தகுதியான மாநிலங்களில் இத்திட்டம் இல்லாதது அலாஸ்கா மட்டும்தான். அமெரிக்காவிலேயே மிக நீளமான கடற்கரையும் அதற்குத்தான்! ஷெல் நிறுவனம் சுக்சி கடலில் துளையிட முனைந்த அதே ஆண்டுகளில் இது நடந்தது.

ஷெல் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2008 பிப்ரவரியில் சுக்சி கடல் ஏலத்தில் மொத்தம் 266 கோடி டாலர் விழுந்தது. அதில் ஷெல் மட்டும் 210 கோடி. அப்போது பரோவின் மேயர் எட்வர்ட் இட்டா. அவரும் திமிங்கல வேட்டைப் படகுத்தலைவர். போஃபோர்ட் கடலில் துளையிடும் ஷெல்லின் திட்டத்தை எதிர்த்துப் பரோவும் வேட்டை ஆணையமும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வழக்குப் போட, 2007-இல் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. இட்டா அதோடு நிற்கவில்லை. வழக்கால் கிடைத்த அவகாசத்தில் பேரம் பேசினார். வேட்டைக் காலத்தில் நிறுத்தம், துளையிடும் சேற்றையும் கழிவையும் கேம்டன் விரிகுடாவில் கொட்டாமல் எடுத்துப் போவது போன்றவற்றுக்கு ஷெல் இணங்கியது. சுற்றுச்சூழல் அமைப்புகளில் சிலருக்கு அவர் விலைபோய்விட்டார் என்ற வருத்தம். எண்ணெய்க்காரர்களுக்கு அவர் முட்டுக்கட்டை. இரண்டு பக்கமும் திட்டியது என்பதை வைத்தே அவர் சரியாகச் செய்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்டதில் பாதியையாவது எழுத்தில் வாங்கியவர் அவர்தான்.

பிறகு நடந்தவை கடலின் வேலை. 2012-இல் எண்ணெய்க் கசிவைப் பிடிக்கும் குவிமாடம் சோதனையிலேயே சேதமடைந்தது. அதனால் எண்ணெய் அடுக்கு வரை துளையிட அனுமதி கிடைக்கவில்லை. அந்த டிசம்பர் 31-ஆம் தேதி குல்லுக் என்ற துளைமேடை, தெற்கே இழுத்துச் செல்லப்படும்போது புயலில் அறுந்து தெற்கு அலாஸ்காவின் கோடியாக் தீவு அருகே தரைதட்டியது. ஆண்டு திரும்புவதற்குள் மாநில எல்லையை விட்டு வெளியேறினால் சொத்துவரி மிச்சம் என்ற எண்ணமும் அந்த அவசரத்துக்கு ஒரு காரணம் என்று கடலோரக் காவல்படையின் விசாரணை அறிக்கை சொன்னது. 2015-இல் திரும்பி வந்து ஒரே ஒரு கிணறு தோண்டினார்கள். 6,800 அடி ஆழம். எண்ணெயும் வாயுவும் இருந்ததற்கான அடையாளம் தெரிந்தது, போதுமான அளவு இல்லை. செப்டம்பர் இறுதியில் மூட்டை கட்டினார்கள். சுமார் 700 கோடி டாலர் போனது போனதுதான்.

இடையில் இன்னொன்று நடந்தது. 2014-இல் வட்டாரக் கம்பெனியும் ஆறு கிராமக் கம்பெனிகளும் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கி, ஷெல்லின் சுக்சி திட்டத்தில் பங்கு பெற ஒப்பந்தம் போட்டன. கடலில் நம் கைக்குப் பணம் வராது என்ற பழைய குறைக்கு அவர்களே கண்ட மருந்து. வேட்டைக்காரர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. மேயர், படகுத்தலைவர், கம்பெனி இயக்குநர் எல்லோரும் உறவுக்காரர்களாக இருக்கும் ஊரில் அந்த வாக்குவாதம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2016 டிசம்பரில் ஒபாமா அமெரிக்க ஆர்க்டிக் கடலின் பெரும்பகுதியை எண்ணெய்க் குத்தகையிலிருந்து விலக்கினார். 2017-இல் டிரம்ப் ரத்து செய்தார். 2019-இல் நீதிமன்றம் அந்த ரத்து செல்லாது என்றது. 2021-இல் பைடன் மீண்டும் உறுதிப்படுத்தினார். 2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடி ரத்து. 2016 விலக்கலின்போது தங்களைக் கேட்கவில்லை என்று வடகோடித் தலைவர்கள் பலர் கோபப்பட்டார்கள். அதில் கடல் துளையிடலை விரும்பாதவர்களும் இருந்தார்கள். மேலிருந்து வரும் தடையும் மேலிருந்து வரும் அனுமதியும் உள்ளூருக்கு ஒரே வகைதான். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புரளும் தடையை நம்பி யாரும் படகு கட்ட முடியாது.

நிலத்து எண்ணெயில் எல்லாம் சுமுகம் என்றும் நினைத்துவிட வேண்டாம். நுயிக்சட்டிலிருந்து சுமார் 13 கி.மீ. தூரத்தில் ஆல்பைன் வயல் 2000-இல் உற்பத்தி தொடங்கியது. ஊரின் கிராமக் கம்பெனிக்கு மேல்மண் உரிமை இருந்ததால் பேரம் பேச முடிந்தது. அந்த வயலின் எரிவாயுவில்தான் ஊரின் வீடுகள் இன்று சூடேறுகின்றன. 2022 மார்ச்சில் அதே வயலில் வாயுக் கசிவு ஏற்பட்டபோது நிறுவன ஆட்கள் வெளியேற்றப்பட்டார்கள், ஊரிலிருந்தும் சில குடும்பங்கள் பயந்து கிளம்பின. 2023-இல் வில்லோ என்ற புதிய நிலத்து எண்ணெய்த் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தபோது பரோவும் வட்டாரக் கம்பெனியும் ஆதரித்தன. அருகிலிருக்கும் நுயிக்சட்டின் மேயர் ரோஸ்மேரி ஆட்டுவாங்காருவாக், கரிபு மான்கள் விலகிப் போகின்றன, மக்களின் மூச்சு கெடுகிறது என்று எதிர்த்தார். வருமானம் எட்டு ஊர்களுக்கும் பரவுகிறது, புகையும் சத்தமும் ஓர் ஊரின்மீது விழுகின்றன. "பழங்குடிகளின் கருத்து என்ன" என்று ஒருமையில் கேட்பவர்களுக்கு நுயிக்சட்டைத்தான் காட்டுவேன்.

இன்னொரு தரப்பு உண்டு, அதற்கு அந்த மேசையில் நாற்காலியே கிடையாது: எரித்த எண்ணெயின் புகையால் சூடேறும் உலகம். போஃபோர்ட் கடலில் லிபர்ட்டி என்ற செயற்கைத் தீவு எண்ணெய்த் திட்டத்தின் அனுமதியை 2020 டிசம்பரில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்த எண்ணெய் வந்தால் வெளிநாடுகளில் நுகர்வு எவ்வளவு கூடும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது முக்கியக் காரணம். எந்த உள்ளூர் ஒப்பந்தத்தாலும் இந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது. மோதல் தவிர்ப்பு ஒப்பந்தம் திமிங்கலத்தையும் கப்பலையும் பிரித்துவைக்கும். கடற்பனி உருகுவதை அது என்ன செய்யும்?

என் நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். நிலத்திலும், கரையை ஒட்டிய ஆழமில்லாத நீரிலும் ஏற்கெனவே நடக்கும் உற்பத்தியை உள்ளூர் ஒப்பந்தத்தோடு தொடரலாம். 2001 முதல் இயங்கும் நார்த்ஸ்டார் சரளைத் தீவு போன்றவை அந்த வகை. அங்கே கடலடியில் புதைத்த குழாய்வழி எண்ணெய் கரைக்கு வருகிறது, குளிர்காலத்தில் கடல்மேல் பனிச்சாலை போட்டு ஆட்கள் போய்வர முடியும். சுக்சி நடுக்கடலில் வேண்டாம். 2016-இல் வந்த ஆர்க்டிக் துளையிடல் விதி, கிணறு கட்டுப்பாட்டை இழந்தால் 45 நாளுக்குள் நிவாரணக் கிணறு (கசியும் கிணற்றை அடைக்கப் பக்கத்தில் தோண்டும் கிணறு) தோண்டி முடிக்கும் வசதி வேண்டும் என்றது. செப்டம்பர் கடைசியில் விபத்து நடந்தால் அந்த 45 நாள் பனி மூடும் காலத்துக்குள் போகிறது. உடைந்த பனியில் மிதவைத் தடுப்பும் எண்ணெய் அள்ளும் கருவியும் சரியாக வேலை செய்வதில்லை. கடலோரக் காவல்படையின் நிரந்தரத் தளம் கோடியாக்கில், ஏறக்குறைய ஆயிரம் மைல் தள்ளி.

அடுத்த குத்தகை ஏலம் என்ற செய்தி வரும்போது எத்தனை பீப்பாய் என்பதை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள்: பாலூட்டிகள் சட்டத்தின் அந்த வேட்டை நிபந்தனையில் யாராவது கை வைத்திருக்கிறார்களா, மத்தியக் கடல் வருமானத்தில் பரோவுக்கு நேரடிப் பங்கு உண்டா, ஆகஸ்ட் 25 நிறுத்தம் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறதா அல்லது ஆண்டுதோறும் நிறுவனத்திடம் கேட்டுத்தான் வாங்க வேண்டுமா.